செவரினின் அழுகை கேட்ட வீடுகள்

தவக்காலத்தின் மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, யசிந்தாவின் ஐந்து மாதப் பிள்ளை செவரினின் அழுகை அவன் வாயை விட்டுப் போய், இரண்டு ஒழுங்கை தள்ளி மீன்காரர் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் கேட்டது. மீன்காரரின் மனைவி சிஞ்ஞோரா நுன்சியா ஃபிரிட்ஜைத் திறந்து, பாலாடைக்கட்டியை ஒரு பக்கமும் கத்தரிக்காயை மறுபக்கமும் தள்ளி, உள்ளே பிள்ளை ஒன்றும் இல்லை என்று கண்டு, ஆனாலும் அழுகை நிற்கவில்லை என்பதையும் கண்டு, அது யார் வீட்டுப் பிள்ளையின் குரல் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாள். ஐந்து பெற்றவளுக்கு அது பெரிய வேலையில்லை. பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து, யசிந்தாவின் கதவைத் தட்டி, மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"உன் பையனுக்குப் பசி. என் ஃபிரிட்ஜுக்குள் கிடந்து கத்துகிறான். சீக்கிரம் பால் கொடு, எவ்வளவு நேரம்தான் கதவைத் திறந்து வைத்திருப்பது?"

யசிந்தா அப்போது மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தான். வாயை ஆவென்று திறந்து, முகம் சிவந்து, இரண்டு கண்ணாலும் நீர் வழிய, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தான். சற்றுமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்தபோது கொட்டாவி விடுகிறான் என்று நினைத்து, தொடங்கின வசனத்தை முடித்துவிட்டு எழும்புவோம் என்று அவள் இருந்துவிட்டிருந்தாள். தலையணை நனைந்திருந்த அளவைப் பார்த்தால், அது நீளமான வசனம்தான்.

சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில், பல்லறோச் சந்தையைச் சுற்றின ஒழுங்கைச் சந்துகளில், பழைய மாளிகைகளைத் துண்டு துண்டாக மறித்து வாடகைக்கு விட்ட அறைகளில், யாழ்ப்பாணத்துச் சனம் வந்து குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. கிழவர்களைப் பராமரிக்கிறதும் மாடிப்படி துடைக்கிறதும் கோப்பை கழுவுகிறதுமாக எல்லாரும் ஒவ்வொன்றில் கொளுவிக்கொண்டார்கள். யசிந்தாவும் அப்படித்தான் வந்தாள். ஊரில் கன்னியர்மடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தவள், இங்கே வேறு கன்னியாஸ்திரிகளுக்குத் தரை துடைத்தே அவர்களின் பாஷையைப் பழகி, பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்து, மூன்றாம் வருடத்தில் எல்லாரும் சிரிக்கிற ஒரு பாடத்தையும் தெரிந்தெடுத்திருந்தாள்: இந்தக் காலத்து இத்தாலிய எழுத்தில், நடக்க முடியாதது நடக்கிற கதைகள்.

"கணக்கியல் படிச்சா ஒரு கந்தோர் வேலை எண்டாலும் கிடைக்கும். உந்தப் பேய்க்கதை படிச்சவைக்கு ஆர் பிள்ளை சம்பளம் குடுக்கிறது?" என்று தமிழ்ச் சங்கத் தலைவர் கணேசலிங்கம் கேட்டார்.

அவளுக்குப் படிப்பித்த பேராசிரியை ஸ்பதாரோ, கதை எப்படி முடிகிறது என்று யாரையும் கேட்கமாட்டார். வாசித்த ஒவ்வொரு கதைக்கும் ஒரு குறிப்பு மட்டை எழுதிக்கொண்டு வரச் சொல்வார். மட்டையில் நாலு கேள்வி. நடக்க முடியாதது எது? முதலில் கண்டது யார்? அதோடு வாழப் பழகிக்கொண்டவர்கள் யார்? பழக மாட்டாதது யார்? கதவு இருந்த இடத்தில் வெறும் சுவர் இருக்கக் கண்ட எழுதுவினைஞனின் கதை ஒன்று இருந்தது; மனைவி மேல்மாடி யன்னலால் கூடையில் கயிறு கட்டி அவனுக்குச் சாப்பாடு இறக்குகிறாள், அயலட்டை அவன் தெருவில் நித்திரை கொள்ள ஒரு நீட்டு மர வாங்கு கொண்டுவந்து போடுகிறது, பத்து வருடம் அப்படியே நல்லபடி போகிறது. அதிசயத்தைப் பார்க்காதே, வாங்கு கொண்டுவந்து போட்டவர்களைப் பார் என்பார் பேராசிரியை. அந்தச் செவ்வாய்க்கிழமை யசிந்தா எழுதிக்கொண்டிருந்ததும் அந்த வாங்கைப் பற்றித்தான்.

இனி பல்லறோவின் முறை வந்தது.

முதல் கிழமை அழுகை ரொட்டி சுடுகிற பாண் போறணைக்காரரின் மா மூட்டைக்குள் கேட்டது, முடிவெட்டுகிறவரின் கத்தரிகள் கிடக்கிற மேசை லாச்சிக்குள் கேட்டது, கணேசலிங்கத்தார் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் கேட்டது. கணேசலிங்கத்தாரின் மனைவி திருநீற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை என்றும் பாராமல் நெற்றியில் பூசிவிட்டுப் போனாள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் வைத்தியர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, எல்லாம் வடிவாக இருக்கிறது, சத்தம் வரவேண்டிய இடத்திலிருந்து சத்தம் புறப்படத்தான் செய்கிறது, எங்கே போய் இறங்குகிறது என்பது தன்னுடைய துறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தமிழருக்குப் பூசை வைக்க வரும் சுவாமியார், பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, "பிள்ளை யசிந்தா, நொண்டி நடந்தா அது புதுமை. குருடன் பாத்தா அது புதுமை. குழந்தை அழுகிறது புதுமை எண்டு நான் மேற்றிராணியாருக்கு எப்பிடி எழுதிறது?" என்று கேட்டார்.

கிளமன்ற், அதாவது யசிந்தாவின் புருஷன், ஒரு வயதுபோன வக்கீலின் வீட்டில் தங்கி அவரைப் பராமரிக்கிறவன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீட்டுக்கு வருவான். இரண்டாம் கிழமை அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"நேற்று எங்கட வக்கீலின்ர சப்பாத்துப் பெட்டிக்குள்ள வந்திட்டான் உன்ர மோன். மனுசன் கட்டில்ல இருந்து, 'கிளமன்ற், என் வலது சப்பாத்துக்குப் பால் கொடு' எண்டு சொல்லுது."

"இஞ்சேருங்கோ, சிரிக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"அழுகைதானே யசி. சிரிப்பு வாயிலதானே இருக்கு? சிரிப்பு உனக்கு, அழுகை ஊருக்கு. ஆருக்கு வாய்க்கும்?"

அது உண்மைதான், பிள்ளை சிரித்தால் அந்தச் சிரிப்பு அவன் வாயிலேயே கேட்டது. ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது. குடுத்து வைத்தவள் என்றது. இரவு இரவாகப் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கிற தாய்மார் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் யசிந்தாவுக்குக் கண் மூட முடியவில்லை. மூடினால் அவன் வாய் திறப்பது தெரியாது. குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக் குளித்தாள். படுக்கும்போது ஒரு விரலை அவன் உதட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். செய்த பாவத்தோடு செய்யாமல் விட்டதையும் எண்ணிச் சொல்லவேண்டும் என்று கன்னியாஸ்திரிகள் படிப்பித்த பிள்ளை அவள்; கேட்காமல் விட்டது எந்தக் கணக்கில் வரும் என்று அவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்போதுதான் கணேசலிங்கத்தார் சங்கத்தின் சங்கிலியை எடுத்தார். ஊரில் யாராவது செத்தால், அந்தச் செய்தி பலேர்மோவிலுள்ள தமிழ் வீடு அத்தனைக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக, இன்னார் இன்னாருக்குத் தொலைபேசி அடிப்பது என்று எழுதி வைத்த ஒரு ஒழுங்கு அது. செத்தவீட்டுச் சங்கிலி என்று அதற்குப் பெயர். இனி யார் வீட்டில் பிள்ளையின் அழுகை கேட்டாலும் சங்கிலியில் அடியுங்கள், அது யசிந்தாவிடம் போய்ச்சேரும் என்றார். சிசிலிக்காரரையும் அதில் சேர்த்தார்கள். பேச்சுத் தேவையில்லை, மணி மட்டும் போதும்: ஒரு மணி என்றால் பசி, இரண்டு என்றால் நனைத்துப்போட்டான், மூன்று என்றால் எங்களுக்கு விளங்கவில்லை, நீயே பார்.

முதல் நாள் சங்கிலியில் இருந்த பாதிப் பேர் மணி கேட்டவுடனே தலையில் கை வைத்தார்கள்.

"ஐயோ, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல. செவரினுக்குப் பசி."

"சரி சரி. நான் கோப்பி போட்டு வைச்சிட்டன், குடிச்சிட்டு அடிக்கிறன்."

"முதல்ல அடி அன்ரி, பேந்து குடி!"

இப்படியே பல்லறோ பழகிக்கொண்டது. அழுகை வந்த வீட்டுக்கு அந்தக் கிழமை நல்லது நடக்கும் என்று ஒரு கதை கிளம்பியது. மீன்காரர் அந்தக் கதையைக் கிளப்பினதே தான்தான் என்பதை மறந்து தானும் நம்பினார். பாண் போறணைக்காரர் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரை போட்டு வைத்தார். முடிவெட்டுகிறவருக்கு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வித்தியாசம் சரிவராது, அவருடைய மணியை நம்பி யசிந்தா பசிக்கிற பிள்ளைக்குத் துணி மாற்றின நாட்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயிலில் இருந்த நேரம், பிள்ளை யசிந்தாவின் மடியில் சத்தமில்லாமல் அழுதபோது, அழுகை பூட்டிக் கிடந்த அவளுடைய வீட்டுக்குள்ளேயே கேட்டது என்று கீழ்மாடிப் பெட்டை வந்து சொன்னாள். அன்றைக்குத்தான் சனம் ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்தது: பிள்ளை இருக்கிற வீட்டைத் தவிர எந்த வீட்டிலும் அழுகை கேட்கலாம். யசிந்தா அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை. தன் வீட்டுச் சுவரெல்லாம் கேட்ட சத்தத்தைத் தான் கேட்கவில்லையே என்று அவளுக்கிருந்தது. ஐந்து மாதத்தில் கேட்ட குரலை மனதில் வைத்திருந்தாள், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு குரல். அதுவும் தேய்ந்துகொண்டு வந்தது.

ஆனால் பழக்கம் பொல்லாதது. ஈஸ்டர் கழிந்து கொஞ்ச நாளில் யசிந்தாவும் பழகிக்கொண்டாள். சங்கிலி இருக்கிறது, மணி அடிக்கும், எழும்பலாம். முதலில் கால்மணி நேரம் கண் மூடினாள், பிறகு அரைமணி நேரம், பிறகு பிள்ளைக்கு முதுகைக் காட்டி இருந்து மட்டை மட்டையாக எழுதினாள். ஆடி மாதம் முடிய முன்னர் ஆய்வைக் கொடுக்கவேண்டும்.

ஒருநாள் பேராசிரியை ஸ்பதாரோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மீன்காரர் மனைவி ஆச்சரியப்படவே இல்லையா?"

"மின்சாரக் கட்டணத்துக்குத்தான் ஆச்சரியப்பட்டார்."

"அருமை. முழுத் தெருவும் பழகிவிட்டது. அப்படியென்றால் பழக மாட்டாதது யார்?"

"நான்தான், பேராசிரியை. ஆனால் நானும் பழகிவிட்டேன் போல இருக்கிறது. நேற்று இரண்டு மணித்தியாலம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை."

பேராசிரியை கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இதை ஆய்வில் எழுதாதே" என்றார் பிறகு. "நடந்தது என்று நீ அடித்துச் சொன்னால் அது எங்கள் பாடத்தில் வராது. உன் வீட்டுக்குப் போ, பிள்ளை முகத்தைப் பார்."

வைகாசி கடைசியில் மணி அடிப்பது குறைந்தது. ஒரு நாளைக்கு ஆறு தரம் அடித்தது மூன்று தரமானது, ஒருதரமானது, பிறகு நின்றே போய்விட்டது. பத்து நாள், பன்னிரண்டு நாள், ஒரு வீட்டிலும் அழுகை இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், குணம் பிடித்துவிட்டான் என்றார்கள். நுன்சியா தன் ஃபிரிட்ஜை ஒருதரம் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினாள். யசிந்தாவுக்கும் அப்படித்தான் பட்டது, அல்லது அப்படிப் படவேண்டும் என்று விருப்பமாக இருந்தது. அவன் கன்னம் காய்ந்த உப்புப் போலச் சொரசொரத்துக் கிடந்ததை வெயிலுக்கு வந்த பருக்கள் என்று நினைத்து எண்ணெய் பூசினாள்.

ஆனி மாதத்துப் பகல் ஒன்றில், கடைகள் பூட்டி, சந்தை கழுவி, தெரு முழுக்க யன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு படுக்கிற அந்த மூன்று மணி வெயிலில், அவள் மேசையிலேயே தலையை வைத்து நித்திரையாகிப் போனாள். எழும்பியபோது ஐந்தரை. பிள்ளையின் உடம்பு தொட முடியாமல் கொதித்தது. வாய் திறந்தபடி இருந்தது. இடது காதிலிருந்து மஞ்சளாகச் சீழ் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. அவள் தொலைபேசியைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு மணியும் அடித்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காய்ச்சலை இறக்கினார்கள். இளம் வைத்தியர் ஒருத்தி காதைச் சுத்தம் செய்துகொண்டே, "சவ்வு வெடித்துவிட்டது. மாறிவிடும், பயப்படாதே. ஆனால் வெடிக்கும் முன் இரண்டு மூன்று நாளாவது உயிர் போகிற மாதிரிக் கத்தியிருப்பானே?" என்று கேட்டாள். யசிந்தா பிள்ளையின் கழுத்தில் காய்ந்து கிடந்ததை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சங்கிலியில் இருந்த பெயரின்படி வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கட வீட்டில இல்லை பிள்ளை, மாதா சத்தியமா இல்லை. பாண் போறணைக்காரர் காலியான கதிரையைக் காட்டினார். கடைசியில் நுன்சியாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எனக்கு வம்பு வேண்டாம். மெற்றில்டா எங்கள் படியைத் துடைக்க வரும்போது இப்போது ஓட்டம் ஓட்டமாகத் துடைக்கிறாள், மூலை முடுக்கெல்லாம் அழுக்கு. வீட்டில் யாரோ காத்திருக்கிற மாதிரி ஓடுகிறாள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்?"

மெற்றில்டாவுக்கு நாற்பத்து மூன்று வயது. புருஷன் ஜேர்மனிக்குப் போய்ப் பதினைந்து வருடம். முதலில் காகிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளை இல்லை. கோயிலில் கடைசி வாங்கில் இருப்பாள், பாட்டுப் படிக்கமாட்டாள். யசிந்தா கதவைத் தட்டியபோது அவள் திறக்கவில்லை. யசிந்தா தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உடுப்பு அலுமாரியின் கீழ் லாச்சி வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன மெத்தை, வெள்ளைத் துணி உறை, விளிம்பில் பின்னல் வேலை. பக்கத்தில் ஒரு கதிரை. இருந்து இருந்து கதிரைக்குக் கீழே தரை ஓடு தேய்ந்த மாதிரி மினுங்கியது.

"எத்தினை நாள்?" என்றாள் யசிந்தா.

"பதினேழு."

"மெற்றில்டாக்கா, அவன்ர காது வெடிச்சுப்போச்சு. தெரியுமோ உங்களுக்கு?"

மெற்றில்டாவின் முகம் சுருங்கியது. "நோவிலதான் அழுகிறான் எண்டு எனக்கு விளங்கேல்ல, பிள்ளை. எனக்கு என்ன தெரியும்? நான் தாலாட்டினனான். இந்த லாச்சியை விடிய விடிய ஆட்டினனான்."

"ஒரு மணி அடிச்சிருக்கலாமே. ஒரேயொரு மணி!"

"அடிச்சா நீ பால் குடுப்பாய்." மெற்றில்டா லாச்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பால் குடுத்தா அது நிண்டிடும். நான் களவெடுக்கேல்ல யசிந்தா. அது தானா வந்தது. இந்த வீட்டில பதினைஞ்சு வருசமா என்னைத் தவிர ஆரும் அழுததில்லை."

யசிந்தா கையை ஓங்கினாள். இடுப்பில் இருந்த பிள்ளை அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தான். அவள் கையைக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

ஞாயிறு பூசை முடியக் கோயில் மண்டபத்தில் சங்கம் கூடியது. மெற்றில்டாவைச் சங்கிலியிலிருந்து எடுக்கவேண்டும் என்றார்கள், அவளோடு கதைக்கக்கூடாது என்றார்கள். இனி அவளுடைய வீட்டில் செத்தாலும் மணி அடிக்கக்கூடாது என்று யாரோ சொல்ல, சுவாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கதிரையை இழுத்துப் பின்னுக்குப் போனார். மெற்றில்டா கடைசி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"எல்லாம் சரி," என்றார் கணேசலிங்கத்தார், "ஆனா அழுகை இப்ப வேற எங்கயும் வாறேல்ல. அங்க மட்டும்தான் வருது. அவவோட கதைக்காம விட்டா, பிள்ளைக்குப் பசிக்குது எண்டு ஆர் எங்களுக்குச் சொல்லுறது?"

 அப்படியென்றால் வேறு ஊருக்கே வீட்டை மாற்று என்றாள், சங்கிலியில் இருந்த உரிமையில் வந்திருந்த நுன்சியா. அழுகையும் பின்னால் வராதா என்றார் மீன்காரர். அப்போது யசிந்தா எழும்பினாள். இரண்டு நாளாக அவள் நித்திரை கொள்ளவில்லை. நித்திரை இல்லாத தலைக்குள் அந்தக் கோயில் ஞாயிற்றுக்கிழமை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"பிள்ளை இருக்கிற வீட்டில அழுகை வராது," என்றாள். "அப்ப பிள்ளையைக் கொண்டுபோய் மெற்றில்டாக்கா வீட்டில விட்டா? அந்த வீடு இல்லையெண்டா அது எங்க போகும்?"

"கோபித்துக்கொண்டு தன் வீட்டுக்குத்தான் போகும்," என்றாள் நுன்சியா. "என் புருஷன் அப்படித்தான்."

கிளமன்ற் அவளை வெளியே கூட்டிக்கொண்டுபோய், "உனக்கு விசரோ? பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தவளிட்ட, அவளிட்டயே கொண்டுபோய்க் குடுக்கிறியோ?" என்று கேட்டான்.

"நான் அவன்ர சத்தம் கேட்டு நாலு மாசம், இஞ்சேருங்கோ."

"அதுக்கு?"

 அவளிடம் இருந்த நியாயம் அது ஒன்றுதான்.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி. காதுநோவுக்குப் பிறகு செவரின் மசித்த சோற்றையும் புட்டிப்பாலையும் துப்பினான், தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கமாட்டான். யசிந்தா அவனுக்கு வயிறு நிறையக் கொடுத்து, மெற்றில்டாவின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மெற்றில்டா தலை வாரி இழுத்து, வெளுத்த சட்டை போட்டு, நேர்முகப் பரீட்சைக்கு வந்தவள் மாதிரிக் கதிரை நுனியில் இருந்தாள். உயிருள்ள பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. யசிந்தா அவளுடைய முழங்கையைப் பிடித்து மடக்கி வைத்துவிட வேண்டியிருந்தது.

"வாயையே பாத்துக்கொண்டிருங்கோ. திறந்தா அடியுங்கோ. ஒரே ஒரு மணி காணும்."

"அடிப்பன், பிள்ளை. அந்தோனியார் ஆணை."

யசிந்தா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளை இல்லாத வீடு அகலமாக இருந்தது. மேசையில் மட்டைகள் கிடந்தன, தொடவில்லை. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அறைக்கு நடுவில் கதிரையைப் போட்டு, எந்தப் பக்கமும் பார்க்கலாம் என்கிற மாதிரி இருந்தாள். ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. வெயில் யன்னல் பலகைக்குள்ளால் கோடு கோடாக வந்து தரையில் நகர்ந்தது. வேறு எங்கேயோ போய்விட்டது, பாண் போறணைக்கோ சப்பாத்துப் பெட்டிக்கோ போய்விட்டது என்று நினைத்த நேரத்தில், அடுப்புக்கு மேல் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த சோற்றுப் பானைக்குள் அது தொடங்கியது.

முதலில் யாருடைய பிள்ளை இது என்று நினைத்தாள். பூனைக்குட்டிக் குரலை எதிர்பார்த்திருந்தவளுக்கு இது பெரிய குரலாக இருந்தது, அடியில் கரகரப்பு இருந்தது. அழத் தொடங்கி, தான் அழுவதை யாராவது கேட்கிறார்களா என்று நிறுத்திப் பார்த்து, மூச்சு எடுத்து மறுபடி தொடங்குகிற ஒரு கெட்டித்தனமும் இருந்தது. அவள் பானையைத் தட்டிலிருந்து இறக்கி மடியில் வைத்துக் காதை ஒட்டினாள். அழுகைக்குள் ஒரு சொல் இருந்தது. ம், என்று உதட்டை மூடி, மா, என்று திறந்து, மறுபடி ம், மறுபடி மா. அவன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குப் புதிதாகக் கூப்பிடுகிறவன் மாதிரி இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கைவந்த குரலாக இருந்தது.

தொலைபேசி ஒருதரம் அடித்து நின்றது.

எழும்பவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பால் கசிந்து சட்டை நனைந்து, வயிறு வரை ஈரம் இறங்கியது. இன்னும் ஒருதரம் மா என்று சொல்லட்டும், எழும்புவோம் என்று இருந்தாள். சொன்னான். தொலைபேசி மறுபடி ஒருதரம் அடித்து நின்றது. பானையின் அலுமினியம் அவள் கன்னத்துச் சூட்டில் சூடாகிவிட்டது. பால் கொடுத்தால் இது நின்றுவிடும் என்று நினைத்தாள். நினைத்த சொல் யாருடையது என்று நினைக்கவில்லை. வெயில் கோடு கட்டில் காலைத் தாண்டிப் போனது. மூன்றாம் தரம் தொலைபேசி நிறுத்தாமல் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பானைக்குள் அழுகை உடைந்து விக்கலாக மாறியது. அப்போதுதான் அவள் எழும்பினாள்.

செருப்பில்லாமல் நாலு மாடி இறங்கினாள். இறங்க இறங்க மேலே அழுகை சின்னதாகியது. சந்தைக் கற்களில் ஓடினாள், மீன் கழுவின தண்ணீர் காலில் பட்டது, மீன்காரர் என்னவோ கேட்டார். ஒழுங்கை திரும்பியபோது அழுகை ஈ பறக்கிற அளவுக்கு வந்தது, அடுத்த திருப்பத்தில் அதுவும் இல்லை. தன் பிள்ளையிடம் போய்ச்சேர அவன் கூப்பிடுகிற சத்தத்தை விட்டு அவள் ஓடவேண்டியிருந்தது. மெற்றில்டாவின் வீட்டுக்குள் போனபோது முழு நிசப்தம். பிள்ளை வாயைத் திறந்தபடி, முகம் முழுக்கக் கண்ணீராக, இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டினான்.

மெற்றில்டாவும் அழுதிருந்தாள். "அடிச்சனான்," என்றாள். "மூண்டு தரம் அடிச்சனான், பிள்ளை."

"ஓம். கேட்டது."

யசிந்தா தரையில் இருந்துகொண்டு பிள்ளையை நெஞ்சில் வைத்தாள். அவன் ஆத்திரத்தோடு கடித்துக் குடித்தான், பிறகு மெல்ல மெல்லக் குடித்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று மெற்றில்டா கேட்கவில்லை. கதிரையை விட்டு இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் தரையில் வந்து இருந்து, சட்டை விளிம்பால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். யசிந்தா தடுக்கவில்லை. கன நேரம் போனபிறகு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எப்ப துவங்கினவன்?"

"அம்மா எண்டோ?"

"ஓம்."

மெற்றில்டா யோசிக்கவில்லை. "அழுகை இஞ்ச வந்த நாலாம் நாள்," என்றாள். "சனிக்கிழமை. மழை தூறினது. நான் உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தனான்."